வெறுங்கதிரை

— கதவைச் சாத்து, சோபிகா. நல்லா இழுத்துச் சாத்து. இவன் வாய் திறக்காமல் இண்டைக்கு ஒருத்தரும் மேடைக்குப் போறேல்லை.

— பேனாட் அங்கிள், மெதுவாக் கதையுங்கோ. பக்கத்து அறையில வானொலிக்காரர் இருக்கினம்.

— இருக்கட்டும். கேக்கட்டும். ‘முப்பத்தேழு வருசமா ஒஸ்லோவில நிண்டு பிடிச்ச தமிழ் ரொக் குழு’ எண்டு போன கிழமை பேப்பரில பெரிசாப் போட்டவை எல்லோ? அதுக்குக் கீழ இதையும் போடட்டும். டேய் குகன், நிமிர்ந்து பாரடா. அந்தக் கிற்றாரைக் கீழ வை.

— கம்பி மாத்துறன்.

— கம்பி மாத்துறார்! பாத்தியே பிள்ளை? வீடு பத்தி எரியுது, உன்ர மாமா கம்பி மாத்துறார்.

— மாமா, நான் கேக்கிறதுக்கு ஓம், இல்லை எண்டு சொன்னாக் காணும். பிலேந்திரன் அங்கிள் உயிரோட இருக்கிறாரோ?

— ம்.

— அது என்ன ‘ம்’? ஓமோ, இல்லையோ?

— ஓம்.

— ஹேரகூட்! என்ர கடவுளே!

— மாதாவே! கேட்டியே? ஓமாம்! கடையில மா இருக்கோ எண்டு கேட்டாச் சொல்லுற மாதிரி ஓமாம்!

— அங்கிள், பொறுங்கோ. அந்தப் பிள்ளை எழுதினதை நான் முதல் வாசிக்கிறன். வான் வண்டியில வரேக்கை உங்களுக்கு வாசிச்சனான், மாமா இன்னும் கேக்கேல்லை. காலமை குழுவின்ர முகநூல் பக்கத்துக்கு வந்தது. ‘வணக்கம். என் பெயர் எமிலி. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். உங்கள் வெறுங்கதிரை பாட்டின் காணொளியை ஒரு ஆசிரியை எனக்கு அனுப்பினார். அந்தப் பாட்டில் நீங்கள் செத்துப்போனதாகச் சொல்லும் பிலேந்திரன் என் அப்பா. அவர் சாகவில்லை. தொண்ணூற்றொன்பதில் மிதிவெடியில் வலது கால் போனது. சைக்கிள் கடை வைத்திருக்கிறார். காணொளியைக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு மூன்று நாள் வீட்டில் யாரோடும் கதைக்கவில்லை. சமாதான காலத்தில் குகன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாக அம்மா சொல்கிறார். அப்படியென்றால் இன்னும் ஏன் அழுகிறீர்கள்?’

— வேற?

— வேற என்ன அங்கிள்?

— வேற ஒண்டும் எழுதேல்லையோ எண்டு கேக்கிறன். கீழ இழுத்துப் பார்.

— இல்லை. ஒரு படம் இருக்கு, அவ்வளவுதான். வண்டியிலயும் இதைத்தானே கேட்டனீங்கள்.

— சரி, சரி. அது காணும். ஏன் இன்னும் அழுகிறீர்கள். கேட்டியா குகன்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லு. இவள் இருபத்திரண்டு வயசுப் பிள்ளையோ என்னவோ, கிளிநொச்சியிலயிருந்து கேக்கிறாள்.

— ம்.

— இதுதான். இதுதான் இவன்ர வேலை. வாயை மூடிக்கொண்டு ஒரு முகத்தை வைச்சிருந்தாச் சனம் ஞானி எண்டு நினைக்கும். பிள்ளை, உனக்குத் தெரியுமோ, இந்த முகத்தை வைச்சுத்தான் ரொறன்ரோவில மூவாயிரம் சனத்தை அழ வைச்சவன்.

— எனக்குத் தெரியும் அங்கிள். நானும் அழுதனான். எட்டு வயசில, ட்வெய்ட்டாவில நடந்த நிகழ்ச்சியில, அம்மாவின்ர மடியிலயிருந்து. நீங்கள் ட்ரம்ஸை விட்டு எழும்பிப் பக்கத்தில போய் நிண்டீங்கள். வெறும் கதிரையில ஒரு லைற் மட்டும். மாமா தனியப் பாடினவர். மண்டபம் முழுக்க எழும்பி நிண்டது. நான் அம்மாட்டைக் கேட்டனான், அந்த மாமா எங்க எண்டு. செல் குண்டு விழுந்து செத்துப்போனார் எண்டு சொன்னவ. நான் கன நாள் விளக்கு நூராமல்தான் படுத்தனான்.

— ம்.

— ‘ம்’ எண்டு சொல்லாதேங்கோ மாமா! நான் பத்து வருசமா உங்களுக்கு மனேச்சர். எத்தினை நேர்காணல்! நோர்வேக்காரர் ஒவ்வொருத்தரும் முதல் கேக்கிறது அந்தக் கதிரையைப் பற்றித்தான். நான்தான் மொழிபெயர்த்தனான். என்ர வாயாலதான் சொன்னனான். ஒவ்வொரு முறையும் நீங்கள் பக்கத்தில இருந்து தலையை ஆட்டினீங்கள்.

— ஆட்டினனான்.

— அதை என்ன பெருமையாச் சொல்லுறியோ?

— இல்லை பேனாட். கேட்டவள், சொன்னனான்.

— நான் சொல்லுறன், நீ கேள் சோபிகா. எண்பத்தெட்டில ரொம்சோஸ் புளொக்கில, கீழ நிலவறையில, ஆக்கள் பனிச்சறுக்குக் கட்டையளையும் பழைய தொட்டிலையும் போட்டு வைக்கிற அறையில துடங்கினவை. அதாலதான் குழுவுக்கு நிலவறை எண்டு பேர். இவன் கிற்றார், பிலேந்திரன் ட்ரம்ஸ். ஒரு சாமத்தியவீட்டில இவை ரொக் அடிக்க, பொம்பிளைப்பிள்ளையின்ர தாய் வந்து பிளக்கைக் கழட்டிப்போட்டு, ‘தம்பியவை, சாப்பிட்டிட்டுப் போங்கோ’ எண்டவவாம். அப்பிடி மரியாதை!

— சோறு நல்லா இருந்தது.

— பகிடி விடாதை! இண்டைக்கு எனக்குப் பகிடி விடாதை குகன்! தொண்ணூற்றிமூண்டில பிலேந்திரன் தாய்க்குச் சுகமில்லையெண்டு போனவன். ஆறு கிழமையில வாறன் எண்டவன். அவன் வரும்வரைக்கும் எண்டுதான் என்னைக் கூப்பிட்டவை. அவன்ர அறையில படுத்தனான், அவன்ர கதிரையிலயிருந்து அடிச்சனான். பிறகு இடம்பெயர்வு. தொண்ணூற்றாறு மாசியில ஆரோ கொழும்பிலயிருந்து போன் எடுத்துச் சொன்னாங்கள், முடிஞ்சுதெண்டு. நாங்கள் ஒருத்தரும் திருப்பி விசாரிக்கேல்லை. ஆரை விசாரிக்கிறது? லைன் இல்லை, தபால் இல்லை. முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்குடுத்து, நினைவுமலர் அடிச்சு, சனத்துக்குச் சாப்பாடும் குடுத்தனாங்கள். அண்டைக்குத்தான் இவன் அந்தப் பாட்டைப் பாடினவன். அண்டைக்குத்தான் நான் முதல் எழும்பி நிண்டனான்.

— அதுக்குப் பிறகு ஒருத்தரும் பிளக்கைக் கழட்டேல்லை.

— அதுதானே! சொல்லிப்போட்டான் பாத்தியே! அந்தச் சாவிலதான் நாங்கள் வளந்தனாங்கள். லண்டன், பரிஸ், ரொறன்ரோ, நோர்வேக்காரற்றை கோடை விழாவள், வானொலி, விருது. அது பிழையான சாவு எண்டு எனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். இரண்டாயிரத்து மூண்டில போய், காலில்லாத மனிசனோட இருந்து சோறு திண்டிட்டு, இஞ்சை வந்து அடுத்த கிழமை அவன்ர சாவைப் பாடினவன். என்ன மனிசனடா நீ?

— மாமா, உண்மையாவோ? அடுத்த கிழமையோ?

— அடுத்த கிழமை இல்லை. அதுக்கு மற்றக் கிழமை. மோர்டென்ஸ்ருட்டில.

— ஏன் சொல்லேல்லை? ஆருக்காவது? அம்மாட்டையாவது?

— சொல்லத்தான் வந்தனான். விமான நிலையத்தில பேனாட் வந்து நிண்டவன்.

— நிண்டனான்! உன்ர பெட்டியைத் தூக்கினனான். ஊர் எப்பிடி எண்டு கேட்டனான். ‘வெயில்’ எண்டனி. ஒரு சொல்லு! வெயில்! அதுக்கு மேல நீ சொன்னியோ?

— வேற என்ன கேட்டனி?

— வேற என்ன கேக்கிறது?

— ஏழு வருசமா வெறுங்கதிரைக்குப் பக்கத்தில நிண்டு அழுதனி. நான் அவன்ர ஊருக்குப் போட்டு வாறன். குழியைப் பாத்தியோ, தாய் இருக்கிறாவோ, ஒரு மெழுகுதிரி கொழுத்தினியோ எண்டு நீ கேக்கேல்லை. காருக்கை வீடு மட்டும் காலநிலை கதைச்சனி.

— பாத்தியோ! திருப்பி எனக்கு அடிக்கிறான்! பிள்ளை, இதுதான் கள்ளற்றை குணம். நீ கவலைப்படுவாய் எண்டு கேக்காமல் விட்டனான் மச்சான். அது பிழையோ?

— அங்கிள், நீங்கள் ஏன் இப்பிடி வேர்க்கிறீங்கள்? தண்ணி குடியுங்கோ.

— தண்ணி வேண்டாம்! எனக்கு நியாயம் வேணும். நான் என்ர மூத்தவனுக்குப் பிலேந்திரன் எண்டு பேர் வைச்சனான். அவனிட்டை நான் இனி என்ன சொல்லுறது?

— உண்மையைச் சொல்லு.

— உண்மை! உன்ர வாயால! சோபிகா, நேரம் என்ன?

— நாலு இருபது. நாலரைக்கு மேடை. சனம் முழுக்க வந்து இருந்திட்டினம். ரிசாந்தும் சுஜானியும் கீபோர்ட்டோட மறைவில நிக்கினம். என்ன நடக்குதெண்டு கேட்டு ரெண்டு தரம் மெசேஜ் போட்டிட்டினம். அந்தப் பாட்டு இண்டைக்கு இல்லை. அதை நான் முடிவெடுத்திட்டன். ஆனா மிச்சத்தை நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுங்கோ. இந்தப் பிள்ளை எமிலிக்கு நான் என்ன பதில் எழுத? ஒளிக்கேலாது. அவள் நாளைக்கு எல்லாருக்கும் போடுவாள். போடவும் வேணும்.

— போட முதல் நாங்கள் சொல்லவேணும். அதைத்தான் நானும் சொல்லுறன். குகன், கேள். நீ மைக்குக்கு முன்னால போறாய். முதல் பாட்டுக்கு முதல். பிலேந்திரன் உயிரோட இருக்கிறான், எனக்கு இருபத்திரண்டு வருசமாத் தெரியும், நான் உங்களை ஏமாத்தினனான் எண்டு சொல்லுறாய். தமிழிலயும் சொல்லுறாய், நோர்வே மொழியிலயும் சொல்லுறாய்.

— சொல்லுறன்.

— மாமா?

— சொல்லுறன் எண்டனான் பிள்ளை. கன காலமாச் சொல்ல வேண்டியது.

— பிறகு இண்டையோட நீ குழுவை விட்டுப் போறாய்.

— போறன்.

— இவ்வளவு லேசாவோ? முப்பத்தேழு வருசத்தை இவ்வளவு லேசா விட்டிட்டுப் போவியோ? கத்தனடா! என்னோட சண்டை பிடியன்! நான் மட்டும் கத்திக் கத்தி விசரன் மாதிரி நிக்கிறன்.

— நீ கத்துறதில நியாயம் இருக்கு. நான் அவன்ர வீட்டிலயிருந்து எழும்பேக்கை, அவன் பொய்க்காலை மாட்டிக்கொண்டு ஒழுங்கை மட்டும் வந்தவன். ‘என்னை இப்பவும் பாடுறியளோ’ எண்டு கேட்டவன். ஓம் எண்டனான். ‘நல்லா அடிக்கிறானோ அவன்’ எண்டு கேட்டவன். உன்னைத்தான். நல்லா அடிக்கிறான் எண்டனான். அதுக்குப் பிறகு நான் அவனுக்கு ஒரு வரி எழுதேல்லை. பாட்டையும் நிப்பாட்டேல்லை. நிப்பாட்டினா ஏனெண்டு கேப்பாங்கள். கேட்டாச் சொல்லவேணும். அது என்ர கோழைத்தனம்தான். அதை மேடையிலயும் அப்பிடியே சொல்லுவன்.

— சரி. நல்லது. கடைசியா ஒண்டு. இதையும் சேத்துச் சொல்லு. ‘எனக்கு மட்டும்தான் தெரியும். குழுவில வேற ஒருத்தருக்கும் தெரியாது.’ இவ்வளவும்தான். இந்தப் பிள்ளை, ரிசாந்த், சுஜானி, எல்லாற்றை பேரும் நாறக்கூடாது.

— சோபிகாவுக்குத் தெரியாது எண்டு சொல்லுறன். ரிசாந்த், சுஜானிக்குத் தெரியாது எண்டு சொல்லுறன்.

— அதுதான், ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லு.

— அதைச் சொல்லமாட்டன்.

— ஏன்?

— இன்னொரு பொய் எனக்கு ஏலாது பேனாட்.

— என்ன பொய்? என்னடா பொய்? பிள்ளை, இவன் இப்ப என்னையும் சேத்து இழுக்கப் பாக்கிறான். தான் தாழேக்கை பக்கத்தில நிக்கிறவனையும் பிடிச்சு இழுக்கிறான்!

— மாமா, என்ன சொல்லுறீங்கள்?

— நீ கொஞ்சம் வெளியில நில், சோபிகா. அஞ்சு நிமிசம் சுணங்கும் எண்டு அவையளிட்டைச் சொல்லு.

— நான் போகமாட்டன். இனி எனக்குத் தெரியாமல் இந்த அறையில ஒண்டும் கதைக்கேலாது.

— அவள் நிக்கட்டும்! என்ன பயமோ உனக்கு? அவளுக்கு முன்னாலயே சொல்லு. ஆம்பிளையெண்டா என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு.

— பேனாட், வேண்டாம்.

— சொல்லடா!

— நான் போனண்டைக்கு அவன் முதல் எடுத்துக் காட்டினது ஒரு அட்டை, பேனாட். தொண்ணூற்றெட்டு ஐப்பசியில, திரும்பி வர ஒரு ஸ்பொன்சர் கடிதம் அனுப்பச் சொல்லி, ரொம்சோஸில தன்ர பழைய அறைக்குப் பதிவுத்தபால் போட்டிருக்கிறான், அது கிடைச்சதெண்டு இஞ்சையிருந்து திரும்பிப் போன அந்த அட்டையில இருக்கிறது உன்ர கையெழுத்து.