மலை வெடித்தபோது கிராணியும் படுத்தார்

ஓடுகிறேன். இரண்டு கையிலும் பால் வாளி. பின்னால் டும். இன்னொரு டும். காது அடைக்கிறது.

"படுங்கடா! படுங்க!"

கத்துவது நான்தான். நிறுவைக் கொட்டகை வரிசையில் நின்ற அத்தனை பேரும் படுக்கிறார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியும் படுக்கிறார். வெள்ளைக் காற்சட்டையோடு. நான் கொட்டிய ரப்பர் பாலில்.

குண்டு இல்லை. ஈப்போப் பக்கத்துச் சுண்ணாம்பு மலையில் கல் உடைக்க வைத்த வேட்டு. செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை.

ஜெர்மன் சண்டை முடிந்து ஏழு வருஷம். நான் அதில் சுட்டவன் இல்லை. கூலிப் பட்டாளத்தோடு போய் பஸ்ராத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். இங்கே நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எனக்குப் பெயர் பட்டாளத்துக்காரன். அதனால்தான் ஒரு சத்தத்துக்கு எல்லோரும் படுத்தார்கள். துரை சொன்னால்கூட இவ்வளவு வேகம் இருக்காது.

கிராணி எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். காற்சட்டையில் பால் இறுகிக்கொண்டிருந்தது.

"இது மூண்டாந்தரம். இன்னொருக்கால் ஓடினியெண்டால் தோட்டத்தில உனக்கு இடமில்லை."

சிரித்தேன். என் பயம் என்னைவிட வேகமாக ஓடும். நான் போய்ச் சேரும்போது அது அங்கே இருக்காது. வெறும் மரமரப்புதான்.

என் மனைவி அஞ்சலை அடுத்த மர நிரையில் பால் எடுப்பவள்.

"பட்டாளத்துக்காரரே, நாளைக்கு ஓடாதீங்க. என்ன சத்தம், உள்ள என்ன செய்யுது, வாய்விட்டுச் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

புதன்கிழமை. பத்தரை. டும். கால் கிளம்புகிறது.

"கல் வேட்டு!" என்கிறேன். ஆட்டுக்குட்டிக் குரல்.

"அப்புறம்?"

டும்.

"கல் வேட்டு. கை நடுங்குது, அஞ்சல."

"நடுங்கட்டும்லா. வாளியக் கீழ வைங்க. அப்புறம்?"

வைக்கிறேன். மூன்றாவது டும்.

"மாரிமுத்து."

ஏழு வருஷமாக நான் சொல்லாத பெயர். பஸ்ராத் துறையில் என் பக்கத்தில் மூட்டை தூக்கியவன். அன்று குண்டு வரும் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. படுத்தேன். கத்த வாய் வரவில்லை. அவன் நின்றான்.

அஞ்சலை தன் வாளியையும் கீழே வைத்தாள். அழுகை வருமென்று இருவரும் கொஞ்சம் காத்திருந்தோம். வரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனோம். கிராணி என்னைக் கண்டதும் இரண்டடி தள்ளி நின்றார்.

மூன்று தரத்தில் தோட்டத்துக்கு வீணாய்ப் போனது ஆறு வாளி பால். ஒரு வெள்ளைக் காற்சட்டை. புதன்கிழமை எதுவும் கொட்டவில்லை.

பஸ்ராவில் எங்கள் கூட்டத்தில் செத்தவர்கள் எட்டுப் பேர் என்றே கேட்டவர்களிடம் சொல்லிவந்தேன். மாரிமுத்துவோடு ஒன்பது பேர்.