செம்புக் கட்டையில் சந்தனப் பொட்டு

இன்னொரு தடவ போனச் சுத்துங்க சார். மணி அடிக்குது, எடுக்கத்தான் ஆளில்ல. விஜயதசமியாச்சே, காலேஜ் ஆபீஸ் பூட்டியிருக்கும். கேட்ல வாட்ச்மேன் வெள்ளைச்சாமி இருப்பாரு, அவர்தான் எடுக்கணும். ஐயோ, மாத்திரையெல்லாம் வேண்டாம் சார். எனக்குக் காய்ச்சல் இல்ல, ஒங்க மருந்துக் கடைல போன் இருக்கேன்னுதான் ஓடி வந்தேன். பயம்.

பஸ்ல போகலாம்தான். ஸ்ரீரங்கத்துலேருந்து ரெண்டு பஸ் மாறணும். அதுக்குள்ள நல்ல நேரம் வந்துடும், அடைக்கலம் சுவிட்சப் போட்டுடுவாரு.

அடைக்கலமா? எங்க லேப்ல மெஷின் ஓட்டுறவரு சார். உப்பிலியபுரத்துப் பக்கம்.

இரும்புத் தூளையும் பீங்கான் தூளையும் கலந்து அச்சுல கொட்டி, மேலயும் கீழயும் செம்புக் கட்டைய வச்சு அழுத்தி, உள்ள கரண்ட் விடுவாங்க. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள செக்கச்செவேல்னு காஞ்சு ஒட்டிக்கும். கரண்ட் எந்தப் பக்கம் போகும், எங்க எவ்வளவு சூடேறும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறதுதான் என் ஆராய்ச்சி. ஆமா, அதுக்குத்தான் அப்பா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைக்கிறாரு.

நேத்து ஆயுத பூஜைல, அந்தக் கீழ்க் கட்டை மேல அடைக்கலம் நல்லா பெருசா சந்தனப் பொட்டு வச்சாரு. நானும் அறிவே இல்லாம பாத்துச் சிரிச்சிட்டு வந்துட்டேன். காஞ்ச சந்தனத்துல கரண்ட் போகாது சார். எல்லாம் அதோட ஓரத்துல போய் நெருக்கியடிக்கும். காலைல சும்மா உக்காந்து, பொட்டு அளவுக்கு எடத்த அடைச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஓரத்துல இரும்பு உருகிப் பீச்சியடிக்கிற சூடு வருது. அவர் நேர் எதிர்ல மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிப்பாரு சார்!

தொடைக்க மாட்டாரு. மத்த நாள்ல ஒரு தூசி இருக்க விட மாட்டாரு, ஆனா சாமிக்கு வச்ச சந்தனத்துல கை வைப்பாரா? அதுமேலயே தூளக் கொட்டுவாரு. விஜயதசமியன்னிக்கு ஒரு தடவையாவது ஓட்டி வேலையத் தொடங்கணும், அதான் அவருக்கு.

வெள்ளைச்சாமி எடுத்துட்டாரா? ரிசீவர் ஒங்க கைலதான இருக்கு, நீங்களே பேசுங்க சார். லேபுக்கு ஓடிப்போயி சுவிட்சப் போட வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க. என்னவாம்? கேட்ட விட்டு நகர மாட்டாராமா? படிக்கிற பொண்ணு சொன்னான்னா ஓட மாட்டாரு சார், அவரப் பத்தித் தெரியும். யாரு பேசறதுன்னு கேக்கறாரா?

சார், நீங்க தெனம் சாயந்தரம் பாக்கியநாதன் வாத்தியாரோட வாக்கிங் போறவரு. நான் அவர் பொண்ணுதான்னு ஒங்களுக்குத் தெரியும். இன்னிக்கும் போவீங்க. போங்க, அவர்ட்ட சொன்னாலும் பரவாயில்ல.

அடைக்கலத்தோட சம்சாரம் பேசறாங்கன்னு சொல்லுங்க.

ஆமா சார். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. நேத்து மெஷினுக்கு வச்ச கையோட எனக்கும் ஒரு பொட்டு வச்சாரு. வீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் என்னோடத தொடச்சிட்டேன்.

சொல்லுங்க சார். இன்னும் சத்தமா. வெள்ளைச்சாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். கடைவீதிக்கே கேட்டாலும் கேக்கட்டும்.