புல எண் 114: தரிசு

வெளியிடங்களில் தண்ணீர் குடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் புட்டியில் எடுத்துச் செல்வேன். கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றிய இருபத்தாறு ஆண்டுகளில் இந்த ஒழுங்கு ஒருநாளும் தவறியதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நீங்கள் என்னை அழைத்து வரவில்லை, நானாகவே வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காவல் நிலையத்துக் கோப்பு ஒன்றில் பிழையான வரி ஒன்று இருக்கிறது. அதைத் திருத்தவே வந்திருக்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் செல்லும் சாலையை விட்டு உள்ளே இரண்டு கிலோமீட்டர் சென்றால் புன்னைத்தாங்கல். என் பொறுப்பில் இருந்த ஊர். நான்கு ஆண்டுகளுக்கு முன், நகரத்தின் எல்லையை விரித்து, சுற்றியுள்ள ஊர்களின் விளைநிலங்களைக் குடியிருப்பு வகைக்கு மாற்றும் வரைவுத் திட்டம் வெளியானது. வரைபடத்தில் விவசாயம் பச்சை, குடியிருப்பு மஞ்சள். புன்னைத்தாங்கல் முழுவதும் மஞ்சளாகத் தீட்டப்பட்டிருந்தது. மற்றவர்கள் நிலங்களை விற்றுவிட்டார்கள். புல எண் 114-இல் நான்கரை ஏக்கர் வைத்திருந்த சீனுவாசனும் அவர் மனைவி தையல்நாயகியும் மட்டும் விற்கவில்லை. மஞ்சளின் நடுவே கேப்பை பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். மனைப்பிரிவின் சாலை அவர்கள் வரப்பில் வந்து முட்டி நின்றது.

முழுமை கருதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலை நீண்டால் வழி கிடைக்கும் மனைகளுள் ஒன்று என் மனைவியின் பெயரில் இருக்கிறது. அதற்கும் நடந்ததற்கும் தொடர்பில்லை.

வரைவின்மீது கருத்துச் சொல்ல நகர மக்களுக்கு அறுபது நாள் அவகாசம் தரப்பட்டது. எழுநூற்றுப் பன்னிரண்டு ஆட்சேபணை மனுக்கள் வந்தன. அவற்றுள் எழுநூறு ஒரே தாளின் நகல்கள்; பெயரும் கையொப்பமும் மட்டும் வேறு. பலவற்றில் வடையின் எண்ணெய் ஊறியிருந்தது. அவற்றை வரிசைப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு கட்டு முடிந்ததும் கை கழுவினேன்.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. முந்தைய நாள் விருந்தின் புளித்த வாடை சுவரில் ஒட்டியிருந்தது. நகரத்துக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் உழவர்களைப் பற்றி இருபது நிமிடம் பேசிக் கண் கலங்கினார். அவரே சற்று நேரத்தில், கை கழுவும் இடத்தில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, மனைப்பிரிவு உரிமையாளர் செல்வகுமாரிடம் கேட்டார்: "கார்னர் பிளாட்டு ஒண்ணு நம்மளுக்குன்னு எடுத்து வைப்பா. மீட்டிங்ல பேசனத மனசுல வச்சிக்காத." இருவரும் ஈரக் கைகளைக் குலுக்கிக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

மேடையில் இருந்த அதிகாரிக்கு மனுக்களில் அக்கறை இல்லை. "எல்லாம் சரிங்க. அந்த நெலம் சாகுபடியில இருக்குதா இல்லையா? அத மட்டும் யாராவது சொல்லுங்க" என்றார்.

சீனுவாசன் எழுந்தார். "எங்க வி.ஏ.ஓ. சாரையே கேளுங்கய்யா. மாசாமாசம் பத்தாந்தேதி வந்து பாத்துக்கினு போறாரு. அவுரு பொய் எழுத மாட்டாரு."

நான் எழுந்து, "சாகுபடியில் உள்ளது. கேப்பை" என்றேன். உண்மை அது. மண்டபம் கைதட்டியது. பின்னாலிருந்து யாரோ ஒருவர் வியர்த்த கையால் என் தோளைத் தட்டினார். சட்டையை அன்றே துவைக்கப் போட்டேன். அந்த நான்கரை ஏக்கருக்கு விலக்கு அளித்த அதிகாரி, தொடர்ந்து மூன்றாண்டுகள் தரிசாகக் கிடந்தால் மறுபடி பார்க்கலாம் என்று முடித்தார். திருத்திய வரைபடம் வந்தபோது மஞ்சளின் நடுவே ஒரு பச்சைத் திட்டு இருந்தது, ஆறாத புண்ணின்மேல் சீழ் கட்டியதைப் போல.

அடுத்த வாரம் செல்வகுமார் அலுவலகத்துக்கு வந்தார். "சார், அடங்கல்ல மூணு வருசத்துக்குத் தரிசுன்னு ஒரு வார்த்த. பேனா உங்க கையிலதான இருக்குது?"

அடங்கல் என்பது எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று மாதந்தோறும் நேரில் பார்த்து எழுதும் பதிவேடு. அதில் பொய் எழுதுவதில்லை என்று சொன்னேன்.

"அப்ப நெசமாவே தரிசாயிட்டா எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"உங்களோட ஒரே பேஜாரு சார்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்டார். நான் அப்படிப் பதில் சொல்லவில்லை. அவருக்கு இதில் வேறு பங்கு எதுவும் இல்லை. வெறுக்கத்தக்க மனிதர், ஆனால் செய்யாததை அவர்மீது ஏற்ற நான் ஒப்பமாட்டேன்.

இனி தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி காலை பத்து மணிக்குப் புல எண் 114-க்குச் செல்வேன். மோட்டாருக்கான மின்சாரம் நண்பகலில்தான் வரும் என்பதால், கொட்டகைக்கு முன்னால் உள்ள சிமெண்டுத் தொட்டியில் முந்தைய நாள் இறைத்த தண்ணீர் நிற்கும். தையல்நாயகி அதில் ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டுவார். நான் புட்டியைக் காட்டுவேன். அவர் சிரிப்பார். பிறகு அந்தச் சொம்பை அண்ணாந்து தானே குடித்துவிடுவார். வந்தவர்க்கென்று மொண்ட தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றுவது அவர்கள் வீட்டில் ஆகாது. தரையில் கொட்டுவதும் ஆகாது. பதினோராண்டுகள், மாதம் ஒரு முறை, இது நடந்தது. கழுத்தில் வழியும் தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொள்வார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

கூட்டம் முடிந்த அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, குடியிருப்போர் சங்கம் சீனுவாசனுக்கு நகரத்தில் பாராட்டு விழா நடத்தியது. அதே மண்டபம், பொன்னாடை, மதிய உணவு. கணவனும் மனைவியும் போயிருந்தார்கள். முற்பகல் பதினொரு மணிக்கு நிலத்தில் ஒருவரும் இல்லை. கொட்டகையில் அவர்களுடைய மருந்துக் கேன் இருந்தது. நான் வெளியிலிருந்து எதையும் கொண்டு செல்லவில்லை. கேனில் இருந்ததை முழுவதும் தொட்டியில் ஊற்றினேன். வாடை குமட்டியது, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். காலிக் கேனை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கேனையும் கைக்குட்டையையும் தூக்கிச் செல்வது எனக்கு அருவருப்பாக இருந்தது. கைக்குட்டையை மட்டும் எரித்தேன்.

மறுநாள் பத்தாம் தேதி. வழக்கம்போலச் சென்றேன். சீனுவாசன் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போயிருந்தார்.

"வாங்க சார். நேத்து நீங்க வர்லியே, அவருக்குச் சால்வல்லாம் போட்டாங்க. மனுசன் கழட்டவே மாட்டேன்னு படுத்துக்கினு இருந்தாரு" என்றார் தையல்நாயகி. வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு கை கொடுத்தார். வாங்கிக்கொண்டு சட்டைப்பையில் போட்டேன். பிறகு சொம்போடு வந்தார்.

புட்டியைக் காட்டினேன்.

"எப்பப் பாத்தாலும் அந்தப் புட்டிதான். எங்க தண்ணி என்னா வெஷமா சார்?" என்று சிரித்தார். சொம்பை வாயருகே கொண்டுபோனவர் முகம் சுளித்தார். "ஒரு மாதிரி வீச்சம் அடிக்குது பாருங்க. மோட்டாருக்கு கிரீஸ் வச்சாரு, கையக் கழுவாம தொட்டியில உட்டுட்டாரு போல. சொன்னா கேக்கறதே இல்ல."

தரையில் கொட்டிவிடுவார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். கொட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எழும். அடங்கலை எடுத்து, புல எண் 114, கேப்பை, பயிர் நிலை நன்று என்று எழுதினேன். செல்பேசியில் வயலைப் படம் பிடித்தேன். விதிப்படி படமும் சேர்க்க வேண்டும். படத்தின் வலது ஓரத்தில் தையல்நாயகி வரப்பில் உட்காரத் தொடங்குவது தெரியும். அந்தப் படம் இன்றும் கோப்பில் இருக்கிறது. நான் அதை அழிக்கவில்லை.

நண்பகலுக்குள் அவர் பேச்சிழந்தார், மாலைக்குள் இறந்தார். வரப்பில் கேன் கிடந்தது. தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து பூச்சிமருந்து அருந்தினார் என்று உங்களுக்கு முன் இங்கிருந்த ஆய்வாளர் எழுதினார். எல்லா ஊரிலும் எல்லாப் பெண்களுக்கும் எழுதும் அதே வரி. "எம் பொண்டாட்டிக்கு வயித்துவலியே கெடையாதுங்க" என்று சீனுவாசன் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அந்த அறிக்கையில் சாட்சியாக என் கையொப்பம் இருக்கிறது. கையொப்பம் மட்டுமே என்னுடையது, வாசகம் என்னுடையதன்று.

அதன்பிறகு சீனுவாசன் அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை. குடித்துவிட்டு அடித்திருப்பான், அதனால்தான் அவள் செத்தாள் என்று ஊர் பேசியது. அவர் குடிப்பவர் அல்லர். மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு பத்தாம் தேதியும் நான் சென்று பார்த்தேன். எருக்கும் சீமைக்கருவேலும் மண்டியிருந்தன. தரிசு என்று எழுதினேன்.

சென்ற மாதம் இரண்டாவது கருத்துக்கேட்புக் கூட்டம். அதே மண்டபம், அதே வாடை. இம்முறை ஆட்சேபணை மனு ஒன்றும் இல்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் எழுந்து, புதிய மனைப்பிரிவில் நடைப்பயிற்சிப் பூங்கா வேண்டும் என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். "மூன்றாண்டுகளாகத் தரிசு" என்றேன். இம்முறையும் கைதட்டினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து சீனுவாசன் எழுந்தார். அந்தப் பழைய பொன்னாடையைப் போர்த்தியிருந்தார். அழுக்கேறி, ஜரிகை கறுத்திருந்தது.

"நெலத்துக்கு எந்தக் கலர் வேணா அடிச்சிக்கங்கய்யா. எம் பொண்டாட்டி வயித்துவலியில சாவல. அத மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க. மச்சான் ஊட்டுல எம் மூஞ்சில முழிக்க மாட்டேன்றாங்க."

"இது அந்த மீட்டிங் இல்லங்க பெரியவரே" என்றார் அதிகாரி. மண்டபம் சிரித்தது. வாய் நிறையச் சுண்டலோடு சிரித்தார்கள். வெளியே சென்று என் புட்டியிலிருந்து தண்ணீர் குடித்தேன்.

பயிரைக் கெடுப்பதற்காகவே ஊற்றினேன் என்று சற்று முன் உங்கள் காவலரிடம் சொன்னேன். பூச்சிமருந்து பயிரைக் கெடுக்குமா, காக்குமா என்று நீங்கள் கேட்டீர்கள். சரியான கேள்வி. அந்தத் தொட்டித் தண்ணீர் இரண்டு பாத்திக்குக்கூடக் காணாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த நிலத்தை அளந்தவனே நான்தான். பயிர் அழிந்தால் அடுத்த பட்டத்தில் மறுபடி நட்டிருப்பார்கள். சீனுவாசன் பேசுவார், நடுவதும் களை எடுப்பதும் அறுப்பதும் தையல்நாயகி. அந்த நான்கரை ஏக்கரில் சாகுபடி என்று இருந்தது அவர் ஒருவர்தான். அவர் இருக்கும்வரை தரிசு என்று எழுத முடியாது. ஆகவே ஒன்பதாம் தேதியைத் தேர்ந்தெடுத்தேன். பத்தாம் தேதி அவர் எனக்காகத் தண்ணீர் மொள்வார், நான் மறுப்பேன், அவர் குடிப்பார். மூன்றும் தெரிந்தே செய்தேன்.

எனவே உங்கள் கோப்பில் வயிற்றுவலி என்றிருப்பதை அடித்துவிட்டு, நான் கொன்றேன் என்று எழுதுங்கள். என் அடங்கலில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. கேப்பை என்று எழுதிய நாளில் கேப்பை நின்றது. தரிசு என்று எழுதிய நாட்களில் தரிசாகக் கிடந்தது. நான் பொய் எழுதுபவன் அல்லன் என்பதைச் சீனுவாசனே சபையில் எழுந்து சொல்லியிருக்கிறார். தேவைப்பட்டால் எனக்குச் சாட்சியாக அவரை அழைத்துக்கொள்ளலாம்.