மரம் நம்மது, காபன் அவர்களது

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"மரம் நம்மதுதான் மச்சான். அது காத்துலருந்து இழுக்குற காபனத்தான் கம்பெனிக்கு வித்துட்டேன். இனி வெட்டக் கூடாதுன்னு ஒப்பந்தம்."

"வெட்டாம இரேன்."

"கூரப் பக்கமா சாஞ்சிருச்சுடா. கீழதான் புள்ளயோட தொட்டில். அவங்க ஆலோசகர் படம் அனுப்பச் சொன்னாரு, அனுப்புனேன். மரம் நல்லா செழிப்பா இருக்காம்."

"அப்ப வீட்டத்தான் நகத்தணும்!" மற்றவர் சிரித்தார்.

நாலந்தையில் காற்று இலைகளை வாரி ஜன்னலுக்குள் எறிந்தது. முன் சீட்டுக்காரர் போனை எடுத்து மனைவியை அழைத்தார். "புள்ளயத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போ. இப்பவே."

பிறகு நண்பரிடம், "ஒன் மெஷின் வாள் வீட்லதான இருக்கு?"

"இருக்கு. கம்பெனி?"

"கையெழுத்து வச்சது நான். புள்ள இல்ல."

பஸ் நிற்கும் முன்பே இருவரும் கதவருகே போய்விட்டார்கள்.