வான்பரிசும் வாடாமல்லிச் சேலையும்

புதுக் காகிதம் வந்து இறங்கினால் அதை உடனே மெஷினில் ஏற்ற விடமாட்டேன், இன்ஸ்பெக்டர் சார். மூன்று நாள் அச்சகத்துக் காற்றில் கிடக்கட்டும் என்பேன். சிவகாசிக் காற்று காய்ந்த காற்று. பங்குனி வெயிலில் இரண்டு தாளைப் பிரித்தால் விரல் நுனியில் சுள்ளென்று கடிக்கும். முப்பது வருஷமாக வெடி லேபிள் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இந்த சண்முகவேல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தம்பி ராஜபாண்டியன் உங்களிடம் கொடுத்த மனுவை வாசித்துக் காட்டினீர்கள். அதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. அவனுக்குக் கோர்வையாக எழுத வராது, அவ்வளவுதான். நான் முறையாகச் சொல்கிறேன்.

2004 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு தனியார் விண்கலம் இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை வானத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்து பெரிய பரிசை வாங்கியது. தம்பி அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இன்ஜினியரிங் படித்தவன், அச்சங்குளத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட் பிரிவைப் பார்க்கிறவன். நாமும் ஒரு பரிசு வைத்தால் என்ன என்றான். அப்பா பெயரில் ‘லட்சுமிகாந்தம் வான்பரிசு’ என்று வைத்தேன். அனுமதியெல்லாம் முறையாக வாங்கினேன்.

விதிகளை நானே எழுதினேன். ராக்கெட் அரை கிலோமீட்டர் ஏற வேண்டும். உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பு. குடை விரித்து இறங்கிய பிறகு அந்த பல்பை மாட்டினால் எரிய வேண்டும். அமெரிக்காக்காரன் மாதிரியே இரண்டு வாரத்துக்குள் இரண்டு தடவை செய்து காட்ட வேண்டும். ஜெயித்தவருக்கு எங்கள் கம்பெனியில் தனி ஷெட். அவர் பெயரிலேயே ராக்கெட் போடலாம், லேபிளில் நாலு கலரில் அவர் படம். உண்மையைச் சொன்னால் தம்பிக்காகத்தான் வைத்தேன். ஊருக்குப் போட்டி, வீட்டுக்குப் பரிசு. அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இரண்டு வருஷம் யாரும் தேறவில்லை. இந்த வருஷம் மார்ச் நாலாம் தேதி ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்துப் பொட்டலில் ஐந்து பேர் விட்டார்கள். தம்பியின் பல்பு தூள்தூளாக வந்தது. மாரிசெல்வியின் பல்பு எரிந்தது.

மாரிசெல்வி எங்கள் கம்பெனியில் பதினோரு வருஷம் கூலிக்கு வெடிமருந்து கலந்தவள். எட்டாம் வகுப்பு. அவள் ராக்கெட் உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்று, அப்புறம் குடை விரித்தது. கூட்டம் கைதட்டியது. எனக்கு மூக்கு வியர்த்தது. அந்த ஒரு கணத்தை நான் ஏற்கெனவே தம்பி போட்ட ராக்கெட் வரைபடத்தில் பார்த்திருந்தேன்.

அவளுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று பட்டது. எங்கள் லோடுமேன் ஊர்க்காவலனை அவள் வீட்டுப் பக்கம் ஒரு கண் வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் வந்து சொன்னான்.

“சாயங்காலமா ஒரு பைக்கு வருது மொதலாளி. ஹெல்மெட்டு போட்டிருக்கதால மூஞ்சி தெரியல. உக்காந்து பேசிட்டுப் போறாக.”

விருதுநகரிலிருந்து போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ வருகிறான், எங்கள் படத்தைத் திருடி அவள் கையில் கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் காலைச் சாப்பாட்டில் தம்பியிடம் சொன்னேன். அவன் கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“அது நாந்தான் அண்ணாச்சி.”

“அங்கன எதுக்குலே போன?”

“கேக்கப் போனேன். என் பல்பு ஏன் உடைஞ்சதுன்னு. அந்தப் படத்துல இருக்கதே அவ நம்ம கம்பெனியில இருக்கும்போது சொல்லித் தந்ததுதான். நாந்தான் உங்ககிட்ட சொல்லல.”

தம்பி இளகிய மனசுக்காரன். நன்றாகக் காதில் பூச்சுற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் நான் நியாயஸ்தன், சார். சோதித்துப் பார்க்காமல் யாரையும் திருடி என்று சொல்ல மாட்டேன்.

அதனால் இரண்டு காரியம் செய்தேன். இரண்டாவது தடவைக்கு மருந்தை எங்கள் கண் முன்னால், அங்கேயே கொட்டகை போட்டு நிரப்ப வேண்டும் என்று விதியைத் திருத்தினேன். அடுத்து, போட்டியாளர்களுக்குச் சீருடை. நாலு ஆண்களுக்கும் திருப்பூரிலிருந்து பருத்தி பனியன். அவளுக்கு மட்டும் விருதுநகருக்கு நானே போய்ச் சேலை எடுத்தேன். வாடாமல்லிக் கலர், அசல் நைலான்.

மருந்து தெரிந்த எவளும் நைலான் உடுத்தி மருந்துக்கிட்டப் போக மாட்டாள். இந்தக் காய்ந்த காற்றில் உரசினால் பொறி வரும். அவள் நிஜமாகவே செய்தவள் என்றால் வேண்டாம் என்பாள், யாரோ செய்து கொடுத்தது என்றால் சந்தோஷமாக உடுத்துவாள். இதுதான் என் சோதனை. இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது?

மார்ச் பதினெட்டு. கெடுவின் கடைசி நாள். சேலையைத் தட்டில் வைத்து நீட்டினேன். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“மொதலாளி, தப்பா எடுத்துக்கிடாதீக. இது நைலானு. காட்டன்ல ஒண்ணு குடுங்க, உடுத்திக்கிடுதேன்.”

“எல்லாருக்கும் ஒரே துணிதாம்மா எடுத்திருக்கு. சீருடை இல்லன்னா பேரை எடுக்க வேண்டியதுதான்.”

“அப்பம் மருந்து வேலைய முடிச்சிட்டு உடுத்திக்கிடவா?”

“இப்பவே உடுத்தணும்.”

சேலையைப் பார்த்தாள். பொட்டலில் நட்டிருந்த ஏவுகம்பத்தைப் பார்த்தாள். ராக்கெட் இன்னும் ஒரு தடவை மேலே போய் வந்தால் அவள் இனிமேல் ஒருத்தனுக்கும் கூலிக்கு மருந்து கலக்க வேண்டாம். மறைவுக்குப் போய் உடுத்திக்கொண்டு வந்தாள். வந்ததும் நேராகத் தீயணைப்பு வாளியிடம் போய், தண்ணீரை அப்படியே தலைவழியாக ஊற்றிக்கொண்டாள். சேலை சொட்டச் சொட்ட நனைந்தது. தூரத்தில் ஏவுகம்பத்தடியில் வேலையாக இருந்த தம்பியைத் தவிர மற்ற மூன்று பனியன்காரர்களும் சிரித்தார்கள். பிறகு போட்டோகிராபர் சீனிவாசகம் படம் எடுத்தார். பிறகு அவள் கொட்டகைக்குள் போனாள்.

இரண்டு நிமிஷம் இருக்கும். சத்தம் பெரிதாக இல்லை. தம்பிதான் உள்ளே ஓடினான். அவன் கை இரண்டும் வெந்தது அப்போதுதான்.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாள். தம்பி பக்கத்திலேயே இருந்தான். “நல்லாத்தான நனைச்சேன், அது எப்படிக் காஞ்சுச்சு?” என்று அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். இதையும் மனுவில் எழுதியிருக்கிறான். அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

போட்டிப் பதிவேட்டில் நான் உள்ளதைத்தான் எழுதினேன். இரண்டாம் பறப்பு நடக்கவில்லை, ஆகவே இந்த ஆண்டு தகுதியுடையவர் எவரும் இல்லை. அதில் ஒரு எழுத்து பொய் இருந்தால் சொல்லுங்கள்.

அவள்தான் அதைச் செய்தவள் என்று எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. தம்பி சொன்னபோது நம்பவில்லை. நைலான் என்று அவள் சொன்னபோதும் முழுசாக நம்பவில்லை, பதினோரு வருஷம் கூலி வேலை பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் வாளியைத் தூக்கி ஊற்றிக்கொண்டாளே, அந்த யோசனை இன்னொருத்தன் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிட்டது. மனதுக்குள் அவளைப் பாராட்டினேன், சார். அதற்குப் பிறகுதான் சீனிவாசகத்தைக் கூப்பிட்டு, ஈரச் சேலையோடு எடுத்தால் படம் எடுப்பாக இருக்காது, கால்மணி நேரம் வெயிலில் நிற்க வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு எடுங்கள் என்று சொன்னேன்.