கீழ வீதி முனையில் இடது பக்கம்

"எனக்கு வலது பக்கம் மட்டுந்தான் திரும்ப வரும்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முதுநகர் தாண்டியதும் முன் சீட்டில் இப்படி ஒரு குரல். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. பக்கத்தில் அவருடைய நாத்தனார்.

"என்னா சொல்றீங்க அண்ணி?"

"சைக்கிளத்தான் சொல்றேன். சுகர் ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னதும் தேரோடுற நாலு வீதியிலயும் தெனம் ஓட்டிப் பழகுனேன். கோயில எடப்பக்கம் வச்சி சுத்த மனசு வரல. மூணு மாசமா வலந்தான்."

"எடப்பக்கம் திரும்பணும்னா?"

"ஹாண்டில ஒடிக்க வராது. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவேன். ஒங்கண்ணன் தெரு பூரா சொல்லிச் சிரிச்சாரு."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வந்தது.

"வாங்க அண்ணி, ஆட்டோ புடிக்கலாம்."

"நீ ஆட்டோல போ. என் சைக்கிள் இங்க ஸ்டாண்டுல நிக்குது."

"கீழ வீதி முனையில எடப்பக்கம் திரும்பினாத்தான இங்க வர முடியும்? தள்ளிக்கிட்டா வந்தீங்க?"

அந்த அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

"காலையிலதான் மொத தடவையா, கோபுரத்தப் பாத்து, 'சாமி, இன்னிக்கு ஒன்ன சுத்தல, வேற பக்கம் போறேன்'னு சொல்லிட்டு ஒடிச்சேன் பாரு. கால் தரையில படல."

"அண்ணன் பாத்தாரா?"

"பாத்தாராவா? அவருதான் முனையில நின்னு, தேர் திரும்புறப்ப செய்யிற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சி, அத்தன வண்டியையும் நிறுத்திவச்சாரு."