மடுவில் ஒருவர் நிற்கும்போது

உங்கள் கண்ணாடியின் இடது காம்பு வளைந்திருக்கிறது. கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இப்படித்தான் ஆகும். எழுதி முடித்ததும் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. இத்தனை வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு எதிரே இருப்பவரின் முகத்தைவிட இதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

நான் வந்தது, போன மாதம் ஆற்றில் இறந்துபோன லிஃப்ட் மெக்கானிக் விஷயமாக. என் தங்கையின் கணவர். விபத்து என்று எழுதி இந்த ஸ்டேஷனில் நீங்கள்தான் வழக்கை மூடினீர்கள். எழுதியதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது உண்மை, தண்ணீர் ஏறியது உண்மை. நான் மேல்மடுவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேனே, அதை மட்டும் திருத்த வேண்டும். நான் அவருக்கு எதிரே கரையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி மொட்டையாகச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நானும் தங்கையும்தான். நான் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்ப்பேன். அவள் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கும் தட்டிக்கொண்டே போனது. வந்த வரன்களில் சிலவற்றை நானே வேண்டாம் என்றேன். ஒருவனுக்குக் குடிப்பழக்கம். இன்னொருவன் வீட்டில் ஏகப்பட்ட கூட்டம். மற்றொருவரை எதற்காக வேண்டாம் என்றேன் என்பது இப்போது நினைவில் இல்லை. அவள் எதற்கும் முகம் சுளித்ததில்லை.

பெரிய ஹோட்டலில் புது லிஃப்ட் மாட்டுகிற வேலைக்காக அவர் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். படிக்கிற கண்ணாடி உடைந்துவிட்டது என்று கடைக்கு வந்தார். கண்ணாடி தயாரான பிறகும் மூக்கில் உறுத்துகிறது, காதில் உறுத்துகிறது என்று சும்மா சும்மா வந்துகொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியை நான் செய்தேன், அது எங்கேயும் உறுத்தாது. வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. ஹோட்டல் வேலை முடிகிற வரை எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள்.

பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் ஒற்றை ஆளாக நிற்கிறவர், வெளியே வந்ததும் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டிவிடுவார். சாப்பாட்டு மேசையில் என் தங்கை சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

எனக்கு இருக்கிற ஒரே பழக்கம் ட்ரவுட் மீன் பிடிப்பது. கோடையில் மதியத்தோடு கடையைச் சாத்திவிட்டு ஆற்றுக்குப் போய்விடுவேன். இந்தத் தூண்டிலில் புழு கிடையாது. சின்னக் கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்ட வேண்டும், அதை நாங்கள் ஈ என்போம். கோலை வீசி, நூலைக் காற்றில் விரித்து, அந்த ஈயை நிஜப் பூச்சி விழுகிற மாதிரித் தண்ணீர்மேல் இறக்க வேண்டும். சத்தம் கூடாது, நிழல் விழக் கூடாது. பிடித்த மீனைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம்.

அவருக்கும் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. "நமக்குள்ள சேர்ந்து செய்ற மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும்ல, மச்சான்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு தங்கை கடையில் வைத்துக் கேட்டாள்.

"அண்ணா, அவரையும் கூட்டிட்டுப் போங்களேன். நீங்க ரெண்டு பேரும் ஒத்துப் போயிட்டா எனக்கு வேற என்ன வேணும்?"

அவள் கேட்டு நான் மறுத்ததில்லை. என்னுடைய பழைய கோலைக் கொடுத்தேன். காலணியும் சேர்ந்தே இருக்கிற, மார்பு வரைக்கும் ஏறுகிற ரப்பர் கால்சட்டை ஒன்றை அவரே வாங்கி வந்தார். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து காட்டியபோது தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முதல் சில நாள் பெரும்பாடு. மரத்தில் மாட்டுவார், தன் தொப்பியிலேயே மாட்டுவார், விசிலடிப்பார். நான் ஆற்றின் ஒழுங்குகளைச் சொல்லிக்கொடுத்தேன். முக்கியமான ஒழுங்கு ஒன்று உண்டு. மடுவில் ஒருவர் இறங்கி நின்றால் அவர் கரையேறுகிற வரைக்கும் அது அவருடைய இடம். மற்றவர் கரையில் காத்திருக்க வேண்டும். கத்திப் பேசக் கூடாது, தண்ணீரைக் கலக்கக் கூடாது. ஆற்றில் பழகியவர்கள் யாரும் இதை மீற மாட்டார்கள். அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஆற்றங்கரையில் மட்டும் அவர் வாயை மூடப் பழகினார், அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரியும்.

கோடை நடுவில் அவர் கையும் திருந்திவிட்டது. ஒருநாள் நல்ல மீன் ஒன்று பிடித்தார். கொக்கியைப் பதமாக எடுத்துவிட்டு, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது தெளிந்து தானாக நழுவிப் போகிற வரைக்கும் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "பாவம், எப்படி மூச்சு வாங்குது" என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெறுப்பில் செய்தேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அந்த வாரமே சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னார்கள். கோடை முடிந்ததும் ஹோட்டல் வேலை முடிகிறது, இருவரும் அவர் ஊருக்குப் போகிறார்கள். தங்கை என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கடைக்கு ஒரு ஆளைப் பார்த்துக்கலாம் அண்ணா. நானே எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டுப் போறேன்."

"நீங்களும் எங்ககூட வந்துடுங்க மச்சான்" என்றார் அவர். "அங்க கடல் இருக்கு. பாலத்துல உக்காந்து புழு போட்டா மீன் வாளி வாளியா வரும்."

புழு போட்டு மீன் பிடிக்க என்னைக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன்.

அடுத்து ஒரு கண்ணாடி விஷயம். ஆற்றில் நான் போடுகிற கண்ணாடி வெறும் கறுப்புக் கண்ணாடி இல்லை. அது தண்ணீரின் மினுமினுப்பை வடிகட்டிவிடும். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஆற்றின் அடியில் கிடக்கிற கல், கல்லுக்கு இடையில் இருக்கிற பள்ளம், பள்ளத்தில் நிற்கிற மீன், எல்லாம் மேசைமேல் வைத்த மாதிரித் தெரியும். அது இல்லாவிட்டால் வெயிலில் ஆறு முழுக்க வெள்ளித் தகடுதான். அவர் தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் செய்து கொடுத்தது சாதாரணக் கறுப்புக் கண்ணாடி. அந்த நேரத்தில் கையிருப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லை, நீங்கள் கடைக்கு ஆளை அனுப்பினால் தெரிந்துவிடும். இழுப்பறையில் இருந்தது.

அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். தங்கை, "அண்ணா, இவரைக் கையில பிடிக்க முடியாதபடி பண்ணிட்டீங்க" என்று கேலி செய்தாள். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

எங்கள் ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. காலையில் அடக்கமாக இருக்கும். மேலே சிகரத்தில் வெயில் ஏற ஏறப் பனி உருகி, அந்தத் தண்ணீர் மாலைப் பக்கம் கீழே வந்து சேரும். கொளுத்துகிற நாளில் முழங்கால் அளவு நின்ற இடத்தில் கழுத்தளவு வந்துவிடும். இரைச்சல் இருக்காது, மெல்ல ஏறும், குளிர் மட்டும் எலும்பில் இறங்கும். ஊர்க்காரர்கள் வெயில் சாய்வதற்குள் கரையேறிவிடுவோம். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அன்றைக்குத்தான் கோடையிலேயே மோசமான வெயில். கடைசி மடுவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே நடுவில் இரண்டு பாறைகள், இரண்டுக்கும் இடையில் தண்ணீருக்கடியில், மேலே அகன்று அடியில் குறுகுகிற ஓர் இடுக்கு. சின்ன வயதில் என் காலே அதில் மாட்டியிருக்கிறது. செருப்புதான் போட்டிருந்தேன், அதை விட்டுவிட்டுக் காலை உருவிக்கொண்டேன். மார்பு வரைக்கும் ரப்பர் மாட்டியிருப்பவருக்கு அது நடக்காது.

"அந்த ரெண்டு பாறைக்கும் நடுவுல நில்லுங்க மாப்பிள்ளை. அங்க நின்னாத்தான் எதிர்க்கரை நிழல்ல ஈ விழும்" என்றேன். மீன் விஷயத்தில் அது சரியான யோசனை. அந்த நிழலில் எப்போதும் பெரிய மீன் நிற்கும்.

அவர் இறங்கினார். நான் கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்து, "மச்சான், கால் எதுலயோ மாட்டிக்கிச்சு" என்று சிரித்தார்.

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். நிழலைச் சுட்டிக் காட்டினேன், அங்கே மீன் மேலே வந்து பூச்சி எடுத்துக்கொண்டிருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையாட்டிவிட்டு, கால் மாட்டிய நிலையிலேயே வீசத் தொடங்கினார். அப்படியே ஒரு மீனும் பிடித்தார். அதையும் அவர் வழக்கப்படி எதிர்நீரில் பிடித்துத் தெளியவைத்து விட்டார். தண்ணீர் அப்போது அவர் இடுப்புக்கு வந்திருந்தது.

அதன் பிறகுதான் கத்தினார். நான் என் ஈயை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு சரியாக விழவில்லை, மறுபடியும் கட்டினேன். மச்சான் மச்சான் என்று நிறையத் தடவை கூப்பிட்டார். ரப்பருக்குள் தண்ணீர் ஏறியதும் ஆள் கனத்துப்போனார். ஒரு கட்டத்தில் என் முகத்தை உற்றுப் பார்த்தார். வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்ததால் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு மேல் என்னைக் கூப்பிடவில்லை, என் தங்கையைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கழுத்தளவு வந்தபோதும் கோலை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தார். அது என்னுடைய கோல் என்பதால் இருக்கலாம். பிறகு அது மிதந்து வந்தது, எடுத்துத் துடைத்து உறையில் போட்டேன்.

உள்ளே போய் இழுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள், உங்கள் பேனா நின்றுவிட்டது. நான் அவரைத் தொடவில்லை. தள்ளவில்லை. மடுவில் ஒருவர் நின்றால் கரையில் காத்திருக்க வேண்டும், நான் காத்திருந்தேன். தண்ணீர் இறங்கிய பிறகு ஊருக்குள் வந்து ஆளைக் காணோம் என்று சொன்னவனும் நான்தான்.

தங்கை என் எதிரே அழவில்லை. "நான்தானே அவரை உங்களோட அனுப்பினேன்" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். உன் தப்பு இல்லை என்றேன். அதை மனதாரச் சொன்னேன். மறுவாரம் அவள் பழையபடி கடைக்கு வந்து முன்னால் உட்கார்ந்தாள். சமைத்தாள், என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். பேச்சு குறைந்துவிட்டது, வீடு அமைதியாக இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று அவள் பெட்டி கட்டினாள். அவருடைய ஊருக்குப் போகிறாளாம். "அவரோட அம்மா அங்க தனியா இருக்காங்க அண்ணா. அவங்களுக்கு யாருமே இல்ல." நானும் தனியாகத்தானே இருக்கப்போகிறேன் என்றேன். அவள் ஒரு சட்டையை மடித்தாள், அவருடைய சட்டை. "நீங்க பழகிக்குவீங்க" என்றாள்.

பார்த்துப் பழகாத ஒரு கிழவிக்காக. இரவு முழுக்க இதை யோசித்தேன். அதனால்தான் விடிந்ததும் இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்போது ஓர் உதவி வேண்டும். மதியப் பேருந்துக்கு அவள் கிளம்புகிறாள். அதற்குள் யாரையாவது அனுப்பி, அண்ணன் காவலில் இருக்கிறார் என்று சொல்லச் சொல்லுங்கள். மற்றதை மெதுவாகச் சொல்லலாம். என்னைப் பெரிய ஊர்ச் சிறைக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்திருக்க வழி உண்டா என்று பாருங்கள். வீட்டிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். பார்க்க விடுகிற நாள் எது, வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா, இதையெல்லாம் அவளுக்குத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதலில் கொஞ்ச நாள் கோபமாக இருப்பாள், வர மாட்டாள். பிறகு வருவாள். பாவம், இப்போது என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.